முதல்முறை கேட்டவள்

இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்த கிட்டார் இசைக்குழு ஒன்றைப் பற்றிச் சங்கரன்கோவிலில் என்னளவுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க முடியாது. மொத்தம் நான்கு பேர். அவர்களுடைய டிரம்மர் ஏன் கோபித்துக்கொண்டு போனார், எந்தப் பாட்டு ரேடியோவில் மட்டும் வந்து கடைக்கு வராமலே போனது, எந்த மேடையில் பாடகர் பாதியில் இறங்கி நடந்தார், எல்லாம் எனக்குத் தெரியும். பாட்டு மட்டும் ஒன்றுகூடக் கேட்டதில்லை. நான்கு மாதம் அப்படித்தான் இருந்தேன்.

காரணம் என் வேலை. ராஜபாளையம் சாலையில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே மாடியில் எங்கள் அலுவலகம். ஆறு பெண்கள், ஆறு கம்ப்யூட்டர், ஒரு டீம் லீடர். வெளிநாட்டில் பாட்டு விற்கும் ஓர் இணையக் கடைக்கு, அங்கே வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளைப் படித்துப் பிரித்துக் கொடுக்கிறோம். வசை இருந்தால் நீக்க வேண்டும். பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் இருந்தால் நீக்க வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு புகழ்ந்த மாதிரி தெரிந்தால் நீக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் மேலே அனுப்ப வேண்டும். மற்றதை அப்படியே விட்டுவிடலாம். மூன்று பட்டன்கள்தான். பாட்டை மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் எங்கள் ருசி தீர்ப்பில் கலந்துவிடுமாம். அதனால் அலுவலகத்தில் ஹெட்போனே கிடையாது.

அந்தக் குழு பல வருடங்களாகத் தனித்தனியாக வெளியிட்ட பாடல்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாகப் போட்டிருந்தார்கள். பதினாறு பழைய பாட்டு, கடைசியில் இரண்டு புதுப் பாட்டு. அந்தத் தொகுப்புக்கு வந்த கருத்துகளில் பெரும்பாதி என் ஸ்கிரீன் வழியாகத்தான் போயிருக்கும். அவற்றுக்கு நடுவில் நான் எழுதியது ஒன்றும் நிற்க வேண்டும் என்று ஒரு கட்டத்தில் ஆசைப்பட்டேன். அந்த ஆசையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கருத்துச் சொன்னவர்கள் எல்லாரும் கோபக்காரர்கள். பிடித்தவர்கள்கூடக் கோபமாகத்தான் பிடித்திருந்தது என்றார்கள். இதிலுள்ள அத்தனை பாட்டும் என் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டு புதுப் பாட்டுக்காக மறுபடி வாங்க வைக்கிறார்கள் என்று ஒருவர். ஏழாவது பாட்டோடு இந்தக் குழு செத்துவிட்டது, மீதியெல்லாம் பதினாறாம் நாள் காரியம் என்கிற தோரணையில் ஒருவர். பழைய ஒலிப்பதிவைச் சத்தம் கூட்டிக் கெடுத்துவிட்டதாகப் பத்துப் பதினைந்து பேர். மனைவி விட்டுப்போன வருடம் மூன்றாவது பாட்டை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எழுதிவிட்டு, அதற்கும் மேல் ஒன்றும் சொல்லாமல் ஐந்து நட்சத்திரம் போட்ட ஒருவர். அட்டைப்பெட்டியின் மூலை நசுங்கி வந்தது என்று ஒரே ஒரு நட்சத்திரம் போட்டவர் ஒருவர். அவரை நான்தான் நீக்கினேன். மூலை நசுங்குவது பாட்டுக்குச் சம்பந்தமில்லாதது.

இவர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாக நின்றார்கள். இந்தத் தொகுப்பு யாருக்காக? இந்தக் குழுவைக் கேட்டே இராத ஒருவருக்காகத்தான் இப்படி ஒன்றைப் போடுவார்கள். அப்படி ஒருவர் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறார்? இதையே விதவிதமாகக் கேட்டிருந்தார்கள். கேலியாக, சலிப்பாக, சிலர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பி.

படித்துக்கொண்டே இருப்பேன். இருக்கிறாள், இங்கே உட்கார்ந்து உன்னைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு ஆடுதான் வேலை. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தேன். இந்த வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது டீம் லீடர் கேட்டார், “அப்பா என்ன பண்ணுதாங்க?”

“ஆடு வளக்காங்க சார்.”

“மேய்க்காங்களா?”

“ஆமா சார். வளக்கணும்னா மேய்க்கணும்லா.”

அவர் சிரித்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கோயில் தெருவில் வீடு, அப்பா தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வுபெற்றவர், இவர் சென்னையில் படித்தவர். கல்லூரியில் கிட்டார் வாசித்தாராம். இந்தக் குழுவின் பாட்டைப் பத்தொன்பது வயதிலேயே கேட்டவராம். தொகுப்பு எங்கள் வரிசைக்கு வந்த அன்று மேசை மேசையாக வந்து அதைச் சொன்னார். “உங்களுக்கெல்லாம் இது வெறும் டெக்ஸ்ட். எனக்கு இது என் காலேஜ்” என்றார். மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். நான் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஆறு பேரில் தவறு குறைவாகச் செய்பவள் நான்தான். அது என் தற்பெருமை இல்லை, மாதாமாதம் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுவார்கள்.

ஒருநாள் கூட்டத்தில், கூலிப் புகழ்ச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். நான் எழுந்து சொன்னேன்: “இதுக்கு முன்னாடி இவங்களக் கேட்டதே இல்லன்னு ஆரம்பிச்சு, ஆகா ஓகோன்னு முடிப்பாங்க சார். அதப் பாத்தா உடனே நீக்கிறலாம். உண்மையான ரசிகன் குறையிலதான் ஆரம்பிப்பான். தெரியாத ஆள் மயங்கிட்டேன்னு சொல்லுதது யாவாரிங்க எழுதிக் குடுக்கது.”

அதற்கு முன் வாரம் அப்படி ஒரே அச்சில் இருபது கருத்துகளைப் பார்த்திருந்தேன். நான் சொன்னது சரி. அது விதிப்புத்தகத்தில் பதினான்காவது விதியாக ஏறியது. வெளிநாட்டுக்காரர்கள் பாராட்டி மின்னஞ்சல் அனுப்பினார்கள், டீம் லீடருடைய பெயருக்கு. அவர் அதை எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். என் பக்கம் பார்க்கவில்லை. அதன் பிறகு நான் அந்த விதியை வைத்து எத்தனை பேரை நீக்கினேன் என்று நினைத்துப் பார்க்க இப்போது பிடிக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டைக் கேட்டேன். அம்மாவுக்கு மேலுக்குச் சரியில்லை, அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது, ஆட்டை நான் ஓட்டிக்கொண்டு போனேன். குளத்தில் தண்ணீர் இல்லை, கரையில் நிழல் இருந்தது. போனில் விளம்பரம் குறுக்கிட குறுக்கிட, பதினெட்டுப் பாட்டையும் வரிசை மாறாமல் கேட்டேன்.

முதல் ஐந்தாறு பாட்டில் அந்தப் பாடகர், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி பாடுகிறார். மூச்சு வாங்குகிறது, ஆனால் நிறுத்தவில்லை. எட்டாவது பாட்டில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு எங்கே இறங்குவது என்று தெரியவில்லை. கடைசி இரண்டு புதுப் பாட்டில், கல்யாண வீட்டில் யாரோ வற்புறுத்தி எழுப்பிவிட்டுப் பாடச் சொன்ன குரல். எனக்கு எல்லாம் பிடித்தது. அந்தக் கடைசி இரண்டும்கூட.

ஒவ்வொரு பாட்டும் வெளிவந்தபோது வாங்கியவர்களுக்குப் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு வருடம், இரண்டு வருடம். அதற்குள் அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், மனைவி விட்டுப் போயிருப்பாள், முடி கொட்டியிருக்கும். எனக்கு நடுவில் ஒரு விளம்பரம் மட்டும். அதனால் அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது. இவர்கள் பதினெட்டுப் பாட்டிலும் ஒரே புகாரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்: எங்கள் ஊரில் நாங்கள் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெற்றி வந்த பிறகும் அதையேதான் சொல்கிறார்கள், ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்பது மறந்துபோய்விட்டது. ஏழாவது பாட்டோடு செத்துவிட்டார்கள் என்பவர் அந்த மறதியைத்தான் சாவு என்கிறார்.

இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அத்தனை கருத்துகளைப் படித்தவள் நான். அப்படி ஒருவர் எங்கே என்று அத்தனை பேரும் கேட்ட அந்த ஆளும் நான்தான். என் பதில் அங்கே இருக்க வேண்டும்.

போனில் எழுதினால் அது தானாக ஒரு சொல்லை மாற்றி வைக்கும். எழுத்துப்பிழையோடு என் பெயரில் ஆங்கிலம் போகக் கூடாது. இதை அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. திமிர்தான். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது, அலுவலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அதில் வேறு எந்தத் தளமும் திறக்காது, அந்தக் கடை மட்டும் திறக்கும். எனக்கு ஒரு கணக்குத் தொடங்கி, இருபத்திரண்டு வரி எழுதினேன். இதற்கு முன் இந்தக் குழுவை நான் கேட்டதில்லை என்றுதான் ஆரம்பித்தேன். அது உண்மை. ஆடுகளைப் பற்றியும் குளத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதினேன். எங்கிருந்து கேட்டேன் என்பது முக்கியம் என்று பட்டது. மூன்று முறை படித்துவிட்டு அனுப்பினேன். பதினான்காவது விதி என் நினைவுக்கே வரவில்லை. அது பொய்யர்களுக்காகப் போட்ட விதி.

மறுநாள் மதியம் பக்கத்து சீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வருபவள், எலுமிச்சை மண்டிக்காரர் மகள். இந்த அலுவலகத்தில் எனக்குத் தோழி என்றால் அவள்தான்.

“ஏட்டி, இங்கன பாரேன் இவள. ஆட்டுக்கு மத்தியில நின்னு பாட்டு கேட்டாளாம். தண்ணியில்லாத கொளமாம். என்னமா கத விடுதாட்டி!”

நான் திரும்பவில்லை. “வேலையப் பாரு” என்றேன்.

“இல்லட்டி, நல்லாத்தான் எழுதிருக்கா. பஸ்ஸுக்கு ஓடுத மாதிரி பாடுதானாம் அவன். நல்லா எழுதுனாத்தான் ரேட்டு கூடும் போல. யாவாரி ரொம்பச் செலவழிச்சிருக்கான்.”

“நெசமா இருக்கும்லா?”

“மொத வரியப் பாத்தியா? இதுக்கு முன்னாடி கேட்டதே இல்லையாம். பதினாலு! செத்தா.” நீக்கு என்கிற பட்டனை அவள் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. “ஏட்டி, இந்த விதிய யாரு கண்டுபிடிச்சானோ, அவனுக்கு மால போடணும். யோசிக்கவே வேண்டாம், வேல ஈஸி.”

அது என் விதி என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. மின்னஞ்சலில் டீம் லீடர் பெயர்தானே இருந்தது. அது என் கருத்து என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் வாயில் கையை வைத்து அய்யய்யோ என்றிருப்பாள். அவளுடைய அய்யய்யோ எனக்கு வேண்டியிருக்கவில்லை. நீக்கியதன் மேல் முறையீடு செய்ய எழுதியவருக்கு ஒரு வழி உண்டு. மாலை அதைச் செய்தேன். நான் உண்மையான ஆள், பாட்டை உண்மையாகக் கேட்டேன் என்று எழுதி அனுப்பினேன், மறுபடியும் அதே கம்ப்யூட்டரில்.

முறையீடு நேராக வெளிநாட்டுக்குப் போகும். அது எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்று அங்கே பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. எங்களுக்கு அந்தப் பக்கத்தை யாரும் காட்டியதில்லை.

வியாழக்கிழமை டீம் லீடர் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். மற்றவர்கள் முன்னால் நீங்க என்பார், கதவை மூடினால் நீ.

“இந்தா, உக்காரு. இது நீதானா?”

பேப்பரில் அச்சடித்து வைத்திருந்தார். முதல்முறையாக என் எழுத்தை அச்சில் பார்த்தேன்.

“ஆமா சார்.”

“இங்க வேல பாக்கவங்க கருத்து எழுதக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கல்லா?”

வேலைக்குச் சேர்ந்த அன்று பதினொரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். படித்துவிட்டுத்தான் போட்டேன். அந்த வரி எங்கள் கருத்தை விற்கக் கூடாது என்றுதான் எனக்குப் புரிந்திருந்தது. அதைச் சொன்னேன்.

“அவங்களுக்கு எப்படித் தெரியும், நீ விக்கலன்னு? கருத்தச் சரிபாக்க ஆபீஸ்ல இருந்தே புகழ்ச்சி போகுது. அதுவும் இதுவரைக்கும் கேட்டதே இல்லன்னு ஆரம்பிக்குது.” கொஞ்சம் சிரித்தார். “அது உன் விதிதானம்மா?”

அது என் விதி என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல்முறை.

“சார், நான் நெசமாவே கேட்டேன். நீங்க வேணா எந்தப் பாட்டப் பத்தியும் கேளுங்க, சொல்லுதேன்.”

“எனக்குத் தெரியும். படிச்சேன்லா.” பேப்பரை விரலால் தள்ளினார். “நல்லா எழுதிருக்க. ஆனா எட்டாவது பாட்டப் பத்தி நீ சொல்லுதது சரியில்ல. அது வந்தப்போ என்ன நெலமன்னு தெரிஞ்சாத்தான் அது புரியும். நாங்கள்லாம் அப்போ...” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். “அத விடு. ஆறு சீட்டையும் மூடிருவோம்னு மெயில் வந்திருக்கு. ஆறு பேரும் வீட்டுக்குப் போகணும். இல்லன்னா ஒரு வழி இருக்கு.”

அவர் சொன்ன வழி சுலபமானது. புதிதாக வரும் பெண்களுக்குப் பதினான்காவது விதியைக் கற்றுக்கொடுக்க ஒரு மாதிரி தேவைப்பட்டது. அதற்காகப் பொய்யாக ஒரு கருத்தை நானே எழுதிப் பார்த்தேன், அது தவறுதலாக வெளியே போய்விட்டது. இப்படி நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

“முறையீடு பண்ணிருக்கேனே சார்? உண்மையான ஆளுன்னு எழுதிருக்கேன்.”

“அதையும் டெஸ்ட்டுன்னு சொல்லிருவோம். பொய்யாளு அப்படித்தான எழுதுவான்?”

வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாமா வீட்டுக் கல்யாணப் பேச்சை மறுபடி எடுப்பார்கள். படிச்சு என்னத்தக் கண்டா என்று தெருவில் கேட்பார்கள், அதற்கு அம்மா தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். ஆனால் நான் அன்று யோசித்தது அதை இல்லை. புளியங்குடிக்காரியின் அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிந்தது. அவளுக்காகத்தான் எழுதினேன் என்று இப்போது சொன்னால் நன்றாக இருக்கும். அவளையும் நினைத்தேன், அவ்வளவுதான் உண்மை. மீதி பயம்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மேற்கண்ட கருத்து உண்மையான கேட்பவர் எவருடையதும் அல்ல. அதில் சொல்லப்பட்ட இடமும் சூழ்நிலையும் கற்பனை. எழுதியவர் இந்தப் பாடல்களைக் கேட்டதில்லை. பயிற்சிக்காக எழுதிய மாதிரி தவறுதலாக வெளியே போய்விட்டது. இவ்வளவுதான், நான்கு வாக்கியத்தில். ஒரு பிழை இல்லை. கைக்கு என்ன தெரியும், அது ஒழுங்காகத்தான் எழுதும்.

அவர் படித்துப் பார்த்தார். “ஒன் இங்கிலீஷ் இருக்கு பாரு, இங்க யாருக்கும் வராது” என்றார். மனதாரச் சொன்னார். அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. அந்த மனிதர் என்னை அவமதிக்கவே இல்லை. சாயங்காலம் டீ வாங்கி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. உங்கள் நேர்மைக்கு நன்றி என்று முதல் வரி. இதையும் அவர் சத்தமாகப் படித்தார். இந்தத் தடவை என்னைப் பார்த்துக்கொண்டே படித்தார்.

என் இருபத்திரண்டு வரி இப்போது பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாளே அதைப் படிக்கிறார்கள். பொய்யை அடையாளம் காண்பது எப்படி என்கிற பக்கம். குளம், ஆடு, எல்லாம் மஞ்சள் நிறத்தில் கோடிட்டிருக்கிறது: நம்ப வைப்பதற்காகச் சேர்க்கப்படும் தேவையற்ற விவரங்கள்.

தான் நீக்கியது என் கருத்தைத்தான் என்று புளியங்குடிக்காரிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, கோபத்தில் இல்லை, கூச்சத்தில். பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில், அவள் பஸ்ஸும் என் பஸ்ஸும் வராமல் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது, கையிலிருந்த பூவைக் கிள்ளிப் பாதியை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஏட்டி, ஒன்ன ஒண்ணு கேக்கவா? அந்தப் பாட்டெல்லாம் நெசமாவே நல்லாருக்குமா? நீ சொன்னா நானும் கேப்பேன்.”

அந்தத் தொகுப்பைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. எட்டாவது பாட்டைப் பற்றி மட்டுமே அவள் பஸ் வரும்வரை சொல்லலாம்.

“எனக்கென்ன தெரியும்?” என்றேன். “நான் டெஸ்ட்டுக்கு எழுதுனது அது.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை. பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். அவள் பஸ் முதலில் வந்தது.